உள்ளே சொல்லிவிடு

கல்லூரி விடுதியில் இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து படிக்க வருகிறவர்களைக் குடும்பங்களோடு தங்கவைக்கும் அலுவலகம் ஒன்று அதே வளாகத்தில் இருந்தது. அங்கிருந்த எழுத்தர் ஒரு படிவத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு பெரியவர்கள், குழந்தைகள் இல்லை, அமைதியான வீடு என்று அதில் எழுதியிருந்தது. எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அவளுக்கு இருபத்தொரு வயது. செயற்கைப் பல் செய்யும் தொழிலைப் படிக்க இரண்டு வருடத்துக்கு வந்திருந்தாள். அந்த நாட்டு மொழியைக் கிளம்புவதற்கு முன்பே ஒரு வருடம் வகுப்புக்குப் போய்க் கற்றிருந்தாள். புத்தகத்தில் இருக்கிற மாதிரி முழு வாக்கியமாக, முற்றுப்புள்ளி தெரியும்படி பேசுவாள். ஒரு சோப்பு வாங்க அவள் பேசியதைக் கேட்ட கடைக்காரப் பெண், ஏதோ மேடைப் பேச்சு முடியக் காத்திருப்பவளைப் போல் கைகட்டி நின்றாள்.

வீடு நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருந்தது. வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நகரத்தின் பாதிக் கட்டடங்களில் ஏறி இறங்குவது அவர் கை பட்ட லிஃப்டுகள்தான். அவர் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. அவர் மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்த்தார். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மதியம் மூன்று மணிக்குத் திரும்புவார்.

வந்த அன்றைக்கே கூப்பிடும் முறை முடிவாகிவிட்டது. "என்ன வேணா கூப்பிடு, அக்கான்னு மட்டும் கூப்பிடாதே," என்றார் அந்த அம்மாள். ஏன் என்று கேட்கும் அளவுக்கு அவளுக்கு வாய் வரவில்லை. சித்தி என்று வைத்துக்கொண்டாள். அந்த முறையில் வீட்டுக்காரர் சித்தப்பா ஆனார். சித்தி தடையொன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை சித்தப்பா வேலையிலிருந்து வந்தார். அவளை நலம் விசாரித்தார். பிறகு சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "உனக்கு வாசல் சாவி ஒண்ணு வேணுமே. உள்ள சொல்லிடும்மா," என்றார்.

உள்ளே என்பது மூன்றடி தூரம். சித்தி அங்கே அடுப்பின் முன்னால் நின்று வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். பாவம், காது கேட்காது போலிருக்கிறது என்று நினைத்து, அவள் சித்தியின் அருகில் போய் உரத்த குரலில் சாவி விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்," என்றாள் சித்தி. "பழைய சாவி ஒண்ணு ஆணியில தொங்குது. அந்த மனுஷன்கிட்டச் சொல்லு."

ஆணி சித்தப்பாவின் தோளுக்கு நேராக இருந்தது. அவள் திரும்பி வந்து சொல்லும்வரை அவர் கையைத் தூக்கவில்லை. சொன்னதும் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

விஷயம் அவளுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியில் மடக்கி நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கணவனும் மனைவியும் முகம் பார்த்துப் பேசி நான்கு வருடம் ஆகிறது. சித்தியின் ஒரே தம்பி சித்தப்பாவிடம்தான் தொழில் பழகினான். ஒருநாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்யும்போது அவனுக்கு விபத்து. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. விசாரணை நடந்தபோது, மெயின் சுவிட்சை அணைக்காமல் இறங்கியது பையனின் தவறு என்று சித்தப்பா எழுதிக் கொடுத்தார். தம்பியை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அக்கா வேண்டாம், மாமாவும் வேண்டாம் என்று சொல்லி அவன் எங்கோ போய்விட்டான். அன்று நின்றது பேச்சு. முதல் ஒன்றரை வருடம் சித்தப்பாவின் தங்கை கூட இருந்து, இங்கே சொன்னதை அங்கேயும் அங்கே சொன்னதை இங்கேயும் கொண்டுபோனாள். அவளுக்குக் கல்யாணமாகிப் போனபிறகு கல்லூரிக்கு எழுதிப் போட்டு மாணவிகளை வைத்துக்கொள்கிறார்கள். "நீ மூணாவது," என்று முடித்தாள் தையல்காரம்மா.

அன்றிரவு அம்மாவுடன் பேசும்போது வீடு எப்படி என்று அம்மா கேட்டாள். ரெண்டு பேருமே நல்ல மாதிரி, அதிகம் பேச மாட்டார்கள் என்றாள்.

வேலை பெரிய வேலை இல்லை. கண் டாக்டர் வரச்சொன்ன தேதி, மழை வரும்போல் இருக்கிறது துணியை எடுக்கவேண்டும், நாலாம் மாடிக்காரர் இறந்துவிட்டார், ஜன்னல் கொக்கி கழன்று கிடக்கிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு விஷயம் அவள் வழியாகப் போய்வரும். மூன்று பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள். உப்பு வேண்டுமென்றால் சித்தப்பா அவளைப் பார்ப்பார். அவள் சித்தியைப் பார்ப்பாள். அதற்குள் சித்தி உப்பை நகர்த்தி வைத்திருப்பாள். ஆனால் அவர் பக்கம் அல்ல, அவள் பக்கம். அவள்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும்.

மொழி மட்டும் மளமளவென்று வந்தது. வகுப்பில் ஒரு வருடம் கற்றது இரண்டு மாதத்தில் காலாவதியாயிற்று. கற்கக்கூடாதவற்றையும் கற்றுக்கொண்டாள். சித்தி எப்போதும் 'அந்த மனுஷன்' என்றே சொன்னதால், அங்கில்லாத ஆண்களை மரியாதையாகக் குறிப்பிடும் சொல் அதுதான் என்று நினைத்துவிட்டாள். ஒருநாள் பயிற்சிக்கூடத்தில், துறைத் தலைவர் எங்கே என்று ஆசிரியை கேட்டபோது, "அந்த மனுஷன் இன்னும் வரலை," என்று பணிவாகச் சொன்னாள். பல் அச்செடுத்துக்கொண்டிருந்த பதினான்கு பேரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். இரண்டு பேருடைய அச்சு அப்படியே இறுகிப் பாழாயிற்று. அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த துறைத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு நாள், சித்தி வேலைக்குப் போகுமுன் ஒரு செய்தி விட்டுவிட்டுப் போனாள். "குளியலறைக் குழாய் நாலு நாளாச் சொட்டுது. ஊருக்கெல்லாம் ரிப்பேர் பாக்குற கைக்கு வீட்டு வேலைன்னா வாதம் வந்துடுதான்னு கேளு."

இதை எப்படிக் கேட்பது? சித்தப்பா வந்ததும், நேரம் கிடைக்கும்போது குழாயைப் பார்க்கச் சொன்னார்கள் என்றாள்.

சித்தப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார். "இப்படியா சொன்னா?"

"ஆமாம்."

"அவ வாயில இப்படி வராதே." சுவரில் கையூன்றிக்கொண்டு யோசித்தார். "சொன்னதை அப்படியே சொல்லும்மா. நல்லதோ கெட்டதோ, அவ வார்த்தையாவே சொல்லு. உனக்கு முன்னால இருந்த பொண்ணு மெழுகி மெழுகித்தான் சொல்லுவா. ஒரு வருஷம் எவளோ ஒருத்தி பேச்சைக் கேட்டுட்டு இருந்த மாதிரி இருந்துச்சு எனக்கு."

அவள் அப்படியே சொன்னாள். சித்தப்பா வாதமா, வாதமா என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சாப்பிடக்கூட இல்லை, நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைக் கழற்றிவிட்டார்.

அதிலிருந்து அவள் எதையும் மெழுகவில்லை. ஏற்ற இறக்கம்கூட மாறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்கிக்கொண்டிருக்கும்போது மணி மூன்றைத் தாண்டினால் கை பரபரக்கும். வீட்டில் இரண்டு பேரும் எதையாவது வைத்துக்கொண்டு காத்திருப்பார்களே என்று பேருந்துக்கு ஓடுவாள். கூடப் படிப்பவர்கள் டீ குடிக்கக் கூப்பிட்டால் வீட்டில் வேலை இருக்கிறது என்பாள். தன்னை வைத்துத்தான் அந்த வீடு ஓடுகிறது என்ற நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்.

ஒன்பதாம் மாதம் சளி பிடித்தது. பயிற்சிக்கூடத்தில் பல் அச்சுக்குக் கரைக்கும் மாவின் தூசியும் சேர்ந்துகொள்ள, ஒரு வியாழக்கிழமை காலையில் குரல் போய்விட்டது. குரல்நாண் வீங்கியிருக்கிறது, ஏழு நாளைக்கு வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். கிசுகிசுவென்று பேசலாமா என்று எழுதிக் காட்டினாள். அது கத்துவதைவிடக் கெடுதல் என்று சொல்லிவிட்டார்.

வீடு இரண்டே நாளில் தடுமாறிவிட்டது. அன்று மாலை இரண்டு பேருமே முட்டை வாங்கிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் இரண்டு பேருமே பால் வாங்கவில்லை. சித்தப்பா ஒரு தாளில் ஞாயிற்றுக்கிழமை தனக்கு வேலை இருக்கிறது என்று எழுதி அவளிடம் கொடுத்தார். அவள் அதைச் சித்தியிடம் நீட்டினாள். சித்தி கையில்கூட வாங்கவில்லை. "அந்த எழுத்தைப் படிக்க நான் என்ன மருந்துக்கடையா வெச்சிருக்கேன்?" என்று அவளிடம் கேட்டாள். சித்தப்பா கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தாளை அவள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் கூடத்தில் இருந்த பழைய தொலைபேசி அடித்தது. இரண்டு பேரிடமும் கைபேசி இருந்தது. பிறகு அது எதற்கு என்று அவளுக்கு விளங்கியதே இல்லை. மாதத்தில் ஒருமுறை தவறான எண்ணுக்கு யாராவது கூப்பிடுவார்கள். ஆனால் அது அடித்தால் மூன்றாவது முறை மணி அடிப்பதற்குள் எடுத்துவிடவேண்டும் என்பது சித்தியின் கண்டிப்பு. பழக்கதோஷத்தில் அவள் ஓடிப்போய் எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் பேச முடியாது என்பது நினைவுக்கு வந்தது.

"அக்கா?" என்றது ஓர் ஆண்குரல்.

அவள் வாயைத் திறந்து மூடினாள்.

"அக்கா, நான்தான். பேச மாட்டியா? சரி, பேசாட்டி போ. வெச்சிடாம கேளு. எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா. மூணு மாசம் ஆச்சு. மூக்கு அப்படியே உன்னோடது. என் வீட்டுக்காரிதான், அக்காவுக்குச் சொல்லாம இருந்தா நல்லாயிருக்காதுன்னு தினம் சொல்லிட்டே இருந்தா."

சித்தி மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சித்தப்பா தரையில் உட்கார்ந்து இஸ்திரிப்பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தார். அவள் மேசையைத் தட்டினாள். அவர் நிமிர்ந்ததும் ரிசீவரை நீட்டினாள். யாரென்று அவர் கண்ணால் கேட்டார். அவளால் சொல்ல முடியவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். பக்கத்தில் நின்ற அவளுக்கு மறுமுனைக் குரல் நன்றாகவே கேட்டது.

"மாமாவுக்கு இன்னும் எம்மேல கோவம்தானா? அதையாவது சொல்லேன்க்கா."

"நான்தான்டா பேசறேன்," என்றார் சித்தப்பா.

இரண்டு பேருமே வைத்துவிடாமல் நின்றார்கள். கடைசியில் அவன்தான் ஆரம்பித்தான். சாவி வெட்டும் கடை ஒன்று போட்டிருப்பதாகவும், மூன்று விரலே அதற்குப் போதும் என்றும் சொன்னான். சித்தப்பா ம் கொட்டினார். அவன் சொன்ன முகவரியையும் எண்ணையும் கையில் கிடைத்த அட்டைத்துண்டில் எழுதிக்கொண்டார். எழுதியதை இரண்டு தடவை படித்துக் காட்டிச் சரிபார்த்துவிட்டு வைத்தார்.

காலி வாளியோடு சித்தி இறங்கி வந்து சமையலறைக்குள் போனாள். சித்தப்பா பக்கத்தில் நின்ற அவளைப் பார்த்தார். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கைகளை விரித்தாள். மேசையில் தாளும் பென்சிலும் இருந்தன. அவர் அதையும் பார்த்தார், எடுக்கவில்லை. எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றார்.

"உன் தம்பி போன் பண்ணினான்," என்றார்.

சித்தி வாளியைக் கீழே வைத்தாள். கிளிப்புகள் போட்டிருந்த பையைக் கொக்கியில் மாட்டினாள். திரும்பாமலே கேட்டாள். "என்ன சொன்னான்?"

"பொண்ணு பொறந்திருக்காம். மூக்கு உன்னோடதாம்."

"குரல் எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் கரகரப்பா. அவனுக்கும் வயசாகுதுல்ல."

"மாடிக்கு ஒரு குரல் குடுத்திருந்தா நான் ஓடி வந்திருப்பேன்ல?"

"குரல் குடுத்து நாலு வருஷம் ஆச்சு. வருமோ வராதோன்னு இருந்துச்சு."

இந்த இடத்தில் தன் அறைக்குப் போய்விடுவதுதான் மரியாதை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அறைக்குச் சமையலறை வழியாகத்தான் போகவேண்டும். வாசலை மறித்துக்கொண்டு சித்தப்பா நின்றார். இஸ்திரிப்பெட்டிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நாலைந்து வார்த்தை மெதுவாகத்தான் வந்தது. பிறகு அணை உடைந்த மாதிரி ஆயிற்று. தெரியாது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் தம்பி இங்கேயே இருந்திருப்பான் என்றாள் சித்தி. தெரிந்ததைத் தெரியாது என்று எழுதினால் அடுத்து இறங்குகிறவன் கதி என்ன என்றார் சித்தப்பா. விரல்தான் போயிற்று, வேலையும் போகவேண்டுமா என்றாள். நாலு வருடத்துக்குச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. தங்கை கல்யாணத்தில் அவர் தனியாக நின்றது வந்தது. சித்திக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் கஞ்சி வைத்து அடுத்த ஆள் கையில் கொடுத்தனுப்பியது வந்தது. சித்தி இப்போது 'அந்த மனுஷன்' என்று சொல்லவில்லை, 'நீங்க' என்றாள். அதை அவள் சொல்லும் விதம் 'அந்த மனுஷ'னைவிடக் காரமாக இருந்தது.

"நான் எழுதினதுல பாதியைத்தான் யாரோ உனக்குச் சொல்லியிருக்காங்க," என்றார் சித்தப்பா ஒரு கட்டத்தில். குரல் தணிந்திருந்தது. "அவனைத் தனியா இறக்கிவிட்டது நான். பக்கத்துல நின்னிருக்க வேண்டியவன் வேற சைட்டுக்குப் போயிட்டேன். அவன் தப்பைவிட என் தப்பு பெரிசுன்னும் எழுதினேன். என்கூட வேலைக்குச் சேர்ந்தவன்லாம் பெரிய ஆளாகி ஆபீஸ்ல உக்காந்திருக்கான். நான் இன்னும் பையைத் தூக்கிட்டுக் குழியில இறங்கறேனே, ஏன்னு நெனச்சே?"

சித்தி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். "இதை ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"யார்கிட்டச் சொல்லி அனுப்பறது? என் தங்கச்சிகிட்டயா? இந்தப் பொண்ணுகிட்டயா?"

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அங்கே இருப்பது அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அவள் ஒரு ஸ்க்ரூவை எடுத்து, இஸ்திரிப்பெட்டியில் அதற்கான துளை எதுவென்று தேடினாள்.

அட்டைத்துண்டை வாங்கிக்கொண்டு போய்ச் சித்தி தம்பிக்குப் போன் செய்தாள். அரை மணி நேரம் பேசினாள். அதில் பாதி நேரம் திட்டினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. அந்த வீட்டில் பேச்சு திரும்பியது என்பதைவிடச் சண்டை திரும்பியது என்பதே பொருத்தம். குழம்பில் உப்பு, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கவேண்டும், தம்பிக்கு யார் முதலில் கடிதம் போட்டிருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் நேருக்கு நேர் மோதினார்கள். எட்டாவது நாள் அவளுக்குக் குரல் வந்தது. காலையில் எழுந்து, டாக்டர் சொன்ன ஏழு நாள் முடிந்துவிட்டது, இனிப் பேசலாம் என்று அறிவித்தாள். நல்லது என்றார்கள் இரண்டு பேரும். பிறகு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். அன்று முழுவதும் அவளிடம் ஒரு செய்தியும் யாரும் கொடுக்கவில்லை. அடுத்த நாளும் கொடுக்கவில்லை. மூன்று மணிக்குப் பேருந்துக்கு ஓடவேண்டியதில்லை என்பது பழக ஒரு வாரம் பிடித்தது. படிப்பதற்கு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தாள். வீட்டில் சத்தம் தாங்கவில்லை.

மாதக் கடைசியில் தம்பி தன் மனைவியையும் குழந்தையையும் கூட்டிவந்து இரண்டு மாதம் இங்கே விட்டுவைப்பதாக ஏற்பாடாயிற்று. வீட்டில் இருந்தது இரண்டே அறை. அறையைக் காலி செய்யவேண்டியிருக்கும் என்பதை அவளிடம் யார் சொல்வது என்று இரண்டு பேரும் வாக்குவாதம் செய்தது அவளுக்குச் சுவர் வழியாகக் கேட்டது. நீங்கதான் அவளைக் கூட்டிட்டு வந்தீங்க என்றாள் சித்தி. உன் தம்பிதானே வர்றான் என்றார் சித்தப்பா. மறுநாள் அவளே கல்லூரிக்குப் போய் விசாரித்தாள். இரண்டு மாணவிகள் எடுத்திருந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்திக்கு இடம் இருந்தது.

மாலையில் சித்தி படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் மடிப்பது போலவே, நான்கு மூலையும் ஒன்றோடொன்று பொருந்தி, பலகை மாதிரி. அவள் எதிர்ப்பக்க மூலைகளைப் பிடித்துக்கொண்டே தான் போகப்போவதைச் சொன்னாள்.

"நாங்க போகச் சொல்லலையே," என்றாள் சித்தி.

"சொல்லலை."

சித்தி இன்னொரு விரிப்பை எடுத்து உதறினாள். "வருத்தமா இருக்கா?"

அவளுக்கு இப்போது அந்த மொழியில் எதையும் சுற்றிவளைத்துச் சொல்ல வரும். சுற்றிவளைக்கவில்லை. "இருக்கு. இவ்வளவு நாள் என்னை வெச்சுத்தான் எல்லாம்னு இருந்துச்சு."

"உன்னை வெச்சுத்தான் இருந்துச்சு," என்றாள் சித்தி. "அது நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியலை. இந்த ரெண்டு விரிப்பையும் எடுத்துட்டுப் போ. அங்க என்ன இருக்கோ என்னவோ."

கிளம்பும் நாளன்று தம்பி குடும்பத்தை அழைத்துவரச் சித்தப்பாவும் சித்தியும் ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார்கள். போகும்போதே எந்த நடைமேடை என்று தகராறு. அவள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள், அது தானாகப் பூட்டிக்கொண்டது. பெட்டியை ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு முதல் மாடி திருப்பத்துக்கு வந்தபோது, எதிரே ஓர் ஆள் மூச்சு வாங்க ஏறி வந்தான். தோளில் குழந்தை தூங்கியது. வலது கையில் மூன்று விரலால் ஒரு பெரிய பையைப் பிடித்திருந்தான். பின்னால் ஒரு பெண் இன்னொரு பையோடு வந்தாள்.

லிஃப்ட் மெக்கானிக் வீடு மூன்றாவது மாடிதானே என்று கேட்டான். ஆமாம் என்றாள். ஆனால் அவர்கள் ரயில் நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள், வர எப்படியும் அரை மணி ஆகும் என்றும் சொன்னாள்.

"நாங்க பஸ்ல வந்துட்டோம். மாமாகிட்டச் சொன்னேனே," என்றான் அவன்.

மாமா சித்தியிடம் சொன்னாரா, சித்தி சரியாகக் கேட்டுக்கொண்டாளா என்பது அவளுக்குத் தெரியாது. அவள் வழியாக வந்த செய்தி இல்லை அது. பூட்டிய கதவு முன் கைக்குழந்தையோடு நிற்பார்களே என்று தோன்றியது. அவர்களைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கூட்டிப்போய் இன்னாரென்று சொல்லி உட்காரவைத்தாள். தையல்காரம்மா முகத்தில் ஒரு வருடத்துக்குப் பேச விஷயம் கிடைத்த வெளிச்சம். சித்தப்பாவின் கைபேசிக்கு, வந்துவிட்டார்கள், திரும்பி வாருங்கள் என்று ஒரு செய்தி அனுப்பினாள். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

புதிய வீட்டில் அவளுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. கூட இருந்த இரண்டு பேரும் அன்று மாலை டீ போட்டுவிட்டுக் கூப்பிட்டார்கள். இந்தமுறை அவள் போய் உட்கார்ந்தாள்.